குளிரில் இனிக்கும் கிழங்கு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலை கல்லாறு வரை சாதுவாக இருக்கும். அதைத் தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். வாமனபுரம் ஆற்றோடு சேரும் கல்லாறு உருண்ட பாறைகளுக்கு இடையே ஓடுகிறது. இருபுறமும் ரப்பரும் பாக்கும். வீட்டுக் கொல்லைகளில் மரச்சீனி, சேனை, சேம்பு, காச்சில், கூர்க்கன் என்று கிழங்குக்குப் பஞ்சமே இல்லாத மண். ஆனால் உருளைக்கிழங்கு மட்டும் அங்கே விளையாது. அதைக் கடையில் வாங்கித்தான் ஆகவேண்டும்.

குறை மண்ணில் இல்லை, இரவில் இருக்கிறது. உருளைச் செடி பகலில் இலையில் சேர்த்த மாவுப்பொருளை இரவில் மண்ணுக்கடியில் இறக்கிக் கிழங்காக்க 15 முதல் 20 டிகிரி வரையான குளுமை வேண்டும். இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் ஏற ஏற, செடி தழைக்குமே தவிரக் கிழங்கு வைக்காது. பொன்முடியின் அடிவாரத்தில் ஆண்டின் பெரும்பகுதி இரவுகள் அதைவிடச் சூடானவை. கேரளத்தில் உருளை பயிராவது இடுக்கி மாவட்டத்தின் உச்சியில் இருக்கும் வட்டவடை, காந்தளூர் போன்ற சில ஊர்களில்தான். அங்கே பயிரிடுகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். அந்த விளைச்சல் மாநிலத்தின் தேவைக்கு ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

ஆகவே கல்லாற்று மளிகைக் கடையில் கிடக்கும் உருளை எங்கிருந்தோ வந்தது. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வந்த நீலகிரி உருளையாக இருக்கலாம், கோலாராக இருக்கலாம், ஆக்ராவாகவும் இருக்கலாம். எந்த ஊர் என்பது விலையில் தெரியும்; ஆண்டின் சில மாதங்களில் நாக்கிலும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் வாங்கும் கிழங்கை வறுத்தால் ஓர் அசட்டுத் தித்திப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. எண்ணெயில் போட்ட சற்று நேரத்தில் ஓரம் கறுக்கிறது, உள்ளே இன்னும் வேகவில்லை. அடுப்பைக் குறைத்துப் பார்ப்பார்கள், எண்ணெயை மாற்றிப் பார்ப்பார்கள். பலன் இருக்காது. அந்த நிறமும் தித்திப்பும் கிழங்கு சமையலறைக்கு வருவதற்கு வெகு முன்னால், ஒரு குளிர்பதனக் கிடங்கின் இருட்டில் உண்டானவை.

அந்தக் கிடங்கு ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவோம். நீலகிரியில் ஓர் ஆண்டில் மூன்று போகம் உருளை: நீர்ப்போகம், கார்போகம், கடைப்போகம். ஏதாவது ஒரு சரிவில் எப்போதும் தோண்டிக்கொண்டிருப்பார்கள். தோண்டியது சில நாட்களில் மண்டிக்குப் போய்விடும். கங்கைச் சமவெளிக்கு அந்த வசதி கிடையாது. அங்கே உருளை குளிர்காலப் பயிர். ஐப்பசியில் நட்டு, மாசி பங்குனியில் தோண்டுகிறார்கள். இந்தியாவின் உருளையில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், பீகார் என்று இந்தச் சமவெளியில் சில வாரங்களுக்குள் வந்து குவிகிறது. குவிந்த கையோடு கோடை பிறந்துவிடும். 40 டிகிரி வெயிலில் வெளியே கிடந்தால் கிழங்கு வற்றும், அழுகும், அந்துப்பூச்சி துளைக்கும். நாடு முழுவதும் அடுத்த அறுவடை வரை சாப்பிடவேண்டியதை எட்டு மாதம் காப்பாற்ற வேண்டும். அதனால்தான் ஆக்ராவிலும் ஹூக்ளியிலும் அமோனியாவால் குளிரூட்டும் உயரமான கட்டடங்கள். பங்குனிக்குள் மூட்டைகளை அடுக்கிக் கதவை மூடினால், கார்த்திகைக்குள் காலி செய்வார்கள். உள்ளே 2 முதல் 4 டிகிரி வெப்பம். காற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஈரம்.

இந்த 2–4 டிகிரி என்ற கணக்கு முளைப்பை வைத்துப் போட்டது. தோண்டிய உருளை முதல் எட்டுப் பத்து வாரம் உறங்கும். நல்ல சூழ்நிலையிலும் முளைக்காது. உறக்கம் கலைந்தபின், மருந்து இல்லாமல் முளைப்பைத் தடுத்து நிறுத்துவது குளிர் மட்டுமே. 4 டிகிரிக்குக் கீழே மொட்டு அசையாது. முளைக்காத கிழங்கு சுருங்காது, எடை குறையாது, நல்ல விலைக்குப் போகும். விதைக்கிழங்குக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. சாப்பிடும் கிழங்குக்குத்தான் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

மூட்டையில் இருப்பது உயிருள்ள பொருள் என்பதை மறந்துவிட்டால் இனி வரும் எதுவும் புரியாது. உருளைக்கிழங்கு வேர் கிடையாது. மண்ணுக்குள் பருத்த தண்டு. அதன் கண்கள் ஒவ்வொன்றும் ஒரு கணு, ஒவ்வொரு கணுவிலும் மொட்டு. அறுவடைக்குப் பிறகும் அது சுவாசிக்கிறது. சிறிது சிறிதாகச் சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. ஆயிரக்கணக்கான மூட்டைகள் அடுக்கிய அறையின் கதவை மூடி, குளிரூட்டும் இயந்திரத்தையும் நிறுத்திவிட்டால், கிழங்குகள் தம் மூச்சாலேயே அறையைச் சூடாக்கும். கிடங்குக்காரர் கட்டும் மின்கட்டணத்தில் ஒரு பங்கு இந்த மூச்சுச் சூட்டை வெளியேற்றுவதற்காகத்தான்.

கல்லாற்றுக் கொல்லையில் விளையும் மரச்சீனியோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மரச்சீனி உண்மையான வேர். அதில் கண் இல்லை, மொட்டு இல்லை, உறக்கக் காலமும் இல்லை. அந்தச் செடி தண்டுக் குச்சியிலிருந்து மறுபடி முளைக்கிறது. பிடுங்கிய வேரைப் பேணி வைக்கும் ஏற்பாடு எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. அதனால் பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடிவிடும். வெட்டுக்காயம் பட்ட திசுவில் ஆக்சிஜன் வினைகள் கட்டுமீறிப் போவதே அதற்குக் காரணம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளாகத் தீர்வு தேடும் சிக்கல்களில் இதுவும் ஒன்று. கல்லாற்றுக்காரர்கள் கண்ட வழி எளிமையானது: கிழங்கை மண்ணிலேயே விட்டுவைத்து, சமைக்கிற அன்று பிடுங்குவது. மிஞ்சினால் நறுக்கி, அவித்து, வெயிலில் காயவைத்து வாட்டுக் கப்பையாக்குவது. உருளையை அப்படி மண்ணில் விட்டுவைக்க முடியாது. வடக்கே கோடை மண் அதை வேகவைத்துவிடும். ஆனால் எடுத்து வைத்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அப்படி உயிரோடு இருப்பதன் விளைவுதான் தித்திப்பு.

பனி விழும் நாடுகளில் குடியானவர்களுக்கு இது பழைய செய்தி. பனிக்காலத்தில் களஞ்சியத்துக் கிழங்கு இனித்தால் ‘உறைந்துபோய்விட்டது’ என்பார்கள். ஸ்விட்சர்லாந்தின் துர்காவ் பகுதியில் பிறந்து, ஜெர்மனியில் கைசன்ஹைம் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ஹெர்மன் முல்லர் என்பவர் அந்தச் சொல் சரிதானா என்று சோதித்தார். சட்டென்று உறையவைத்த கிழங்கு இனிக்கவில்லை. உறையாமல், சுழியம் டிகிரிக்குச் சற்று மேலே பல நாள் கிடந்த கிழங்குதான் இனித்தது. வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்தபோது அந்த இனிப்பு குறையவும் செய்தது. 1882இல் இதை வெளியிட்டார். முல்லர்-துர்காவ் என்ற பெயரை உலகம் இன்று ஒரு திராட்சை ரகத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. அவர் அதை உருவாக்கியதும் அதே ஆண்டில்தான். என் கணக்கில் கிழங்கில் அவர் கண்டதே பெரிது. உயிருள்ள ஒரு பொருளில் இரண்டு வேதிவினைகள் வெவ்வேறு வேகத்தில் குளிருக்குப் பணிகின்றன என்பதை அவர் அப்போதே ஊகித்துவிட்டார்.

அந்த இரண்டு வினைகள் எவை? உருளையின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். மீதியில் பெரும்பகுதி மாவுப்பொருள், அதாவது ஸ்டார்ச். ஒவ்வொரு செல்லிலும் பளபளப்பான சிறு மணிகளாக அது கிடக்கிறது. கிழங்கை நறுக்கியதும் கத்தியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த மணிகள்தான். ஸ்டார்ச் என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலி. சங்கிலியாக இருக்கும்வரை நாக்கு அதை இனிப்பு என்று உணராது. கிழங்கு தன் சுவாசத்துக்கு வேண்டியபோது சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துச் சர்க்கரையாக்குகிறது. இது முதல் வினை. அந்தச் சர்க்கரையை எரித்து ஆற்றல் எடுப்பது இரண்டாவது. சாதாரண வெப்பத்தில் இரண்டும் ஈடுகொடுத்துப் போகின்றன. உண்டாகும் சர்க்கரை உடனுக்குடன் எரிகிறது, தேவைக்கு மிஞ்சியது திரும்பவும் ஸ்டார்ச்சாகக் கோக்கப்படுகிறது, கிழங்கில் சர்க்கரை தங்குவதில்லை.

வெப்பம் 8, 9 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இந்த ஈடு கெடுகிறது. சுவாசப் பாதையின் தொடக்கத்தில் நிற்கும் சில நொதிகள் குளிரில் மிகவும் முடங்கிவிடுபவை. ஸ்டார்ச்சை அவிழ்க்கும் நொதிகளோ குளிரிலும் வேலையை விடுவதில்லை; சில முன்பைவிட மும்முரமாகின்றன. ஏரிக்கு வரும் வாய்க்கால் திறந்தே இருக்க, மதகை மட்டும் முக்கால்வாசி அடைத்தால் நீர்மட்டம் ஏறுவதைப் போல, கிழங்கில் சர்க்கரை மட்டம் ஏறுகிறது. முதல் சில நாட்களிலேயே ஏற்றம் தொடங்கிவிடும். சில வாரங்களில் ஓர் அளவுக்கு வந்து நிலைகொள்ளும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிப்ஸ் தொழிலின் முழுத் தலைவலியும் அந்த நுணுக்கத்தில்தான் இருக்கிறது. அவிழ்ந்த குளுக்கோஸ் முதலில் நேராக இனிப்பாகத் தங்குவதில்லை. கிழங்கு அதைச் சுக்ரோஸ் ஆக்குகிறது. நாம் காப்பியில் போடும் அதே சர்க்கரை. சுக்ரோஸ் செல்லின் நடுவே இருக்கும் நீர்ப்பைக்குள் போகிறது. அங்கே இன்வர்டேஸ் என்ற நொதி அதை இரண்டாகப் பிளக்கிறது: ஒரு பாதி குளுக்கோஸ், மறுபாதி ஃப்ரக்டோஸ். ஃப்ரக்டோஸ் சுக்ரோஸைவிட அதிகம் இனிக்கும். நாக்குக்குத் தெரியும் தித்திப்பில் அதற்குப் பெரும் பங்கு. ஆனால் சுவையைவிட முக்கியம், பிளந்த இரண்டுமே ஒடுக்கும் சர்க்கரைகள் என்பது. மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் பெனடிக்ட் கரைசலைச் சூடாக்கிச் செங்கல் சிவப்பைப் பார்த்தவர்களுக்கு இவை அறிமுகமானவை. சுக்ரோஸ் அந்தக் கரைசலை நிறம் மாற்றாது, இவை மாற்றும். வறுக்கும் சட்டியிலும் அப்படியே.

சட்டிக்குப் போகுமுன் ஒரு கேள்வி. கிழங்கு இதை ஏன் செய்கிறது? உருளை ஆண்டிஸ் மலையின் குழந்தை. பெருவிலும் பொலிவியாவிலும் 3,500 மீட்டருக்கு மேலே, இரவில் நீர் உறையும் நிலத்தில் பழகிய செடி. அங்கே மக்கள் கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் உலர்த்திச் ‘சுன்யோ’ என்ற கெட்டிக் கிழங்காக்கி ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் செடிக்கு உறையாமல் தப்பிக்க ஒரு வழி வேண்டும். சர்க்கரை கரைந்த நீர் சற்றுத் தாழ்ந்த வெப்பத்தில்தான் உறையும் என்பதால், இது உறைதடுப்பு ஏற்பாடு என்று பலரும் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிழங்கின் எடையில் 2 சதவீதம் குளுக்கோஸ் சேர்ந்தால் உறைநிலை ஏறத்தாழ கால் டிகிரிதான் இறங்கும். ஆண்டிஸ் இரவுக்கு அது போதாது. சர்க்கரையின் பெரிய உதவி வேறிடத்தில் இருக்கலாம். குளிரில் விறைத்துச் சிதையும் செல் சவ்வுகளையும் புரதங்களையும் அது தாங்கிப் பிடிக்கிறது, செல்லுக்குள் நீரைப் பிடித்துவைக்கிறது. குளிரைச் சமாளிக்கும் பல தாவரங்கள் சர்க்கரை சேர்ப்பது இதற்காகவே. ஆக்ராக் கிடங்கில் இருக்கும் உருளைக்குப் பனி வரப்போவதில்லை என்பது தெரியாது. 4 டிகிரி அதற்கு ஓர் எச்சரிக்கை. அது தன் மூதாதையர் செய்ததைச் செய்கிறது.

இனி சட்டி. உருளையில் அமினோ அமிலங்கள் தாராளம், அவற்றில் அஸ்பரஜின் முன்னணியில் நிற்பது. எண்ணெயின் சூட்டில் ஒடுக்கும் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த வாசனையையும் உண்டாக்குகின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மையார்டின் பெயரால் இது மையார்ட் வினை எனப்படுகிறது. தோசையின் முறுகலும் வறுத்த காப்பிக்கொட்டையின் நிறமும் அதே குடும்பம். சர்க்கரை கொஞ்சமாக இருந்தால் பொன்னிறம். கூடினால் சிவந்து, கறுத்து, கசக்கும். சிப்ஸ் தொழிற்சாலைகள் கிழங்கின் எடையில் ஒடுக்கும் சர்க்கரை 0.1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கேட்கின்றன. 2–4 டிகிரிக் கிடங்கில் பல மாதம் இருந்த சாதாரண ரகம் அந்த வரம்பை எத்தனையோ மடங்கு தாண்டியிருக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யத் தக்க சோதனை. புதுக்கிழங்கு வரும் மாதத்தில் ஒரே மூட்டையிலிருந்து ஒரே அளவில் கிழங்குகள் எடுத்து, பாதியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டிலும் பாதியை இருட்டான கூடையிலும் மூன்று வாரம் வையுங்கள். பிறகு இரண்டிலும் ஒரே கனத்தில் வில்லை சீவி, துணியால் ஒற்றி, ஒரே எண்ணெயில் ஒன்றாகப் போடுங்கள். கூடைக் கிழங்கு வெளிர்மஞ்சளாக மொறுமொறுக்கும்போது ஃபிரிட்ஜ் கிழங்கு தவிட்டு நிறத்தைத் தாண்டிப் போயிருக்கும். நிறம் வில்லை முழுக்க ஒரே மாதிரி இராது. காம்பு ஒட்டியிருந்த முனை அடிக்கடி கூடுதலாகக் கறுக்கும், ஏனென்றால் சர்க்கரை கிழங்கெங்கும் சமமாகப் பரவுவதில்லை. வறுப்பதற்கு முன், மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சர்க்கரைப் பட்டையை நறுக்கிய பரப்பில் ஒற்றிப் பாருங்கள். பட்டையின் நிறமே இரண்டு கிழங்கையும் பிரித்துக் காட்டிவிடும். வெளிநாடுகளில் உருளைக் கிடங்குக்காரர்கள் இதே பட்டையை நெடுங்காலமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

தொழில் இதற்குக் கண்ட வழி, குளிரைக் குறைத்துக்கொள்வது. கிடங்கை 10–12 டிகிரியில் வைத்தால் தித்திப்பு ஏறாது. ஆனால் அந்த வெப்பத்தில் உறக்கம் கலைந்ததும் முளைத்துவிடும். எனவே சிஐபிசி என்ற முளைதடுப்பு மருந்தைப் புகையாக விடுகிறார்கள். இந்தியக் கிடங்குகளுக்கும் இது பல காலமாகப் பழக்கமான முறை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இந்த மருந்தின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. அங்கே இப்போது எத்திலீன் வாயு, புதினா வகை எண்ணெய் என்று வேறு வழிகளுக்குப் போயிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் மால்வாப் பகுதி விவசாயிகள் இயந்திரமே இல்லாமல் இதைச் சமாளித்தார்கள். நிழலில் மேடாகக் குவித்தோ குழியில் இட்டோ வைக்கோலால் மூடி, இரண்டு மூன்று மாதம் வைத்திருப்பார்கள். எடை கொஞ்சம் குறையும், ஆனால் கிழங்கு இனிக்காது. அதனால் சிப்ஸ் போடுகிறவர்கள் தேடி வந்தார்கள்.

இன்னொரு வழி ரகத்தையே மாற்றுவது. சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998இல் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா-1, சிப்சோனா-2 ஆகியவை இந்தியாவில் சிப்ஸுக்கென்றே உருவான முதல் ரகங்கள். சர்க்கரை குறைவு, திடப்பொருள் அதிகம். அதே 1998இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஸ்டார்ச் மணியோடு ஒட்டியிருக்கும் ஒரு புரதத்தை முடக்கிக் காட்டினார்கள். அது ஸ்டார்ச்சில் பாஸ்பேட்டை ஏற்றும் புரதம். அந்தப் பாஸ்பேட் ஏறினால்தான் மணியின் இறுக்கம் தளர்ந்து, அவிழ்க்கும் நொதிகளுக்கு இடம் கிடைக்கிறது. அதை முடக்கிய கிழங்கு குளிரில் அவ்வளவாக இனிக்கவில்லை. 2010இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழுவினர் நீர்ப்பை இன்வர்டேஸின் மரபணுவை அடக்கினார்கள். குளிரில் வைத்த கிழங்கு வெளிர் நிறத்திலேயே வறுபட்டது. சுக்ரோஸ் சேர்ந்தாலும் அதைப் பிளக்க ஆளில்லை. சிக்கலின் முடிச்சு எது என்று இந்தச் சோதனை தீர்மானமாகக் காட்டியதாக நான் மதிக்கிறேன். அந்த வழியில் மரபணு மாற்றிய உருளை அமெரிக்காவில் விற்பனைக்கும் வந்துவிட்டது.

நிறமும் சுவையும் மட்டுமே பிரச்சினை என்றால் இவ்வளவு பணம் இதில் இறங்கியிருக்காது. 1997இல் ஸ்வீடனின் தென்பகுதியில், ஹலாண்ட்ஸோஸ் என்ற மலைமுகட்டின் ஊடே ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பாறைக் கசிவை அடைக்கப் பயன்படுத்திய பூச்சில் அக்ரிலமைடு இருந்தது. அது ஓடை நீரில் கலந்தது. மீன்கள் செத்தன, ஓடைத் தண்ணீர் குடித்த மாடுகள் கால் முடங்கின, வேலையாட்களுக்குக் கை கால் மரத்தது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் மார்கரீட்டா டோர்ன்க்விஸ்டின் குழு, தொழிலாளர்களின் இரத்தத்தில் அக்ரிலமைடின் தடயத்தை அளந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, சுரங்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களின் இரத்தத்தையும் எடுத்தார்கள். அவர்கள் இரத்தத்திலும் தடயம் இருந்தது. சுரங்கத்துப் பக்கமே போகாதவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது? தேடிக்கொண்டே போய்ச் சமையலறையில் நின்றார்கள். வறுத்த தீவனம் தின்ற எலிகளின் இரத்தத்தில் அந்தத் தடயம் கூடியது. 2002 ஏப்ரலில் ஸ்வீடன் உணவு நிர்வாகம் அறிவித்தது: சூட்டில் வறுத்த, சுட்ட மாவுப்பண்டங்களில் அக்ரிலமைடு உண்டாகிறது, உருளை வறுவல்களில் அதிகம். அதே ஆண்டு அக்டோபரில் இரண்டு குழுக்கள் ‘நேச்சர்’ இதழில் வழியைக் காட்டின. 120 டிகிரிக்கு மேலே அஸ்பரஜினும் ஒடுக்கும் சர்க்கரையும் சேர்வதில் பிறக்கிறது அது.

அஸ்பரஜின் உருளையில் எப்போதும் தாராளம். ஆகவே அக்ரிலமைடு எவ்வளவு என்பதைச் சர்க்கரையே தீர்மானிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே அக்ரிலமைடை ‘மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் தரக்கூடியது’ என்ற பிரிவில் வைத்திருந்தது. விலங்குகளில் ஆதாரம் வலுவானது. உணவு வழியாக மனிதருக்கு எவ்வளவு தீங்கு என்பதில் ஆய்வுகள் ஒருமுகமாகப் பேசவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் பொறுத்திருக்கவில்லை. 2017இல் ஒரு விதி கொண்டுவந்தது: சிப்ஸில் அக்ரிலமைடு கிலோவுக்கு 750 மைக்ரோகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது அளவுகோல், வறுக்கும் உருளையை 6 டிகிரிக்கு மேல்தான் சேமிக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 10–12 டிகிரிக் கிடங்கில் வைத்த உருளை நம் நாட்டுச் சந்தைகளில் ‘சுகர் ஃப்ரீ’ என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் நம்பி வாங்குகிறார்கள். நூறு கிராம் உருளையில் மாவுச்சத்து ஏறத்தாழ 17 கிராம். கிடங்கில் இனித்த கிழங்கில் அதில் ஒன்றிரண்டு கிராம் சர்க்கரையாக மாறியிருக்கும். இனிக்காத கிழங்கில் அதுவும் ஸ்டார்ச்சாகவே இருக்கும். மொத்தம் ஒன்றே. வெந்த உருளையின் ஸ்டார்ச் வயிற்றுக்குள் போனதும் விரைவாகக் குளுக்கோஸ் ஆகிவிடுகிறது; இரத்தத்துக்குப் போய்ச்சேருவது அதுதான். ‘சுகர் ஃப்ரீ’ கிழங்கு நன்றாக வறுபடும், நிறம் கெடாது, அக்ரிலமைடு குறைவாக இருக்கும். நீரிழிவுக்கு அது மருந்தும் ஆகாது, பத்தியமும் ஆகாது. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு நீரிழிவுக்காரர்கள் இருக்கும் நம் பக்கத்தில் இந்தப் பெயர் செய்யும் தீங்கு பெரிது. எந்தக் கிழங்கு என்று பார்ப்பதைவிட, தட்டில் எவ்வளவு கிழங்கு என்று பார்ப்பதே அவர்களுக்கு நல்லது.

எல்லாத் தித்திப்பும் குளிரால் வருவதில்லை. மாதக்கணக்கில் கிடந்து மூப்படைந்த கிழங்கு வெதுவெதுப்பிலும் இனிக்கத் தொடங்கும். அது திரும்பாத இனிப்பு. சர்க்கரைவள்ளியின் கதை வேறு. அதை வேகவைக்கும்போது அதன் நொதியே ஸ்டார்ச்சை மால்டோஸாக உடைப்பதால்தான் அவித்தது அவ்வளவு இனிக்கிறது. வெப்பமண்டலப் பயிரான அதற்கு 12 டிகிரிக்குக் கீழே குளிர்க்காயம் ஏற்பட்டு, உள்ளே வேகாத கெட்டித்தன்மை வந்துவிடும். ஃபிரிட்ஜ் அதற்கு ஆகவே ஆகாது.

குளிரால் இனித்த உருளை திரும்பக்கூடியது. வெதுவெதுப்பான இடத்துக்கு வந்ததும் சுவாசம் எழுந்து சர்க்கரையில் ஒரு பங்கை எரிக்கிறது, பெரும்பகுதியைக் கிழங்கு மறுபடி ஸ்டார்ச்சாகக் கோத்துவிடுகிறது. தொழிலில் 15–20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வைத்து இதைச் செய்கிறார்கள். கிடங்கிலிருந்து சந்தைக்கு வரும் மூட்டைக்கு அந்த அவகாசம் யாரும் தருவதில்லை. வியர்வை உலரும்வரை மின்விசிறியின் கீழ் பரப்பிவிட்டு லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். விட்டுப்போன அந்த நாட்களை நாமே கொடுக்கலாம். கல்லாறு போன்ற ஊரில் வீட்டு வெப்பமே போதும். கார்த்திகையில் வாங்கிய உருளை இனித்தால் சாக்குப்பையிலோ மூங்கில் கூடையிலோ பத்துப் பதினைந்து நாள் வைத்துவிட்டு வறுங்கள். முழுதும் போகாவிட்டாலும் நன்றாகக் குறையும். இடம் இருட்டாக இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகி, உள்ளே சோலனைன் என்ற நஞ்சு கூடும். முளை நீண்டு பச்சை ஏறிய கிழங்கைச் சமைக்க வேண்டாம்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா? பிரிட்டனின் உணவுத் தர முகமை நெடுநாள் ‘கூடாது’ என்று சொல்லிவந்தது. 2023இல், வீட்டு ஃபிரிட்ஜால் அக்ரிலமைடு அப்படியொன்றும் கூடுவதில்லை என்று தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. சாம்பாருக்கும் அவியலுக்கும் போகும் கிழங்கு என்றால் ஃபிரிட்ஜில் இருந்தாலும் கெடுதல் இல்லை. கொதிக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டாது, அக்ரிலமைடு உண்டாக வழியில்லை. ஆனாலும் நிறத்தையும் சுவையையும் கருதி, வறுவலுக்கும் சிப்ஸுக்கும் வைத்திருப்பதை மட்டும் வெளியே வையுங்கள். சீவிய வில்லைகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, வடித்து, ஒற்றி வறுத்தால் வெட்டிய பரப்பின் சர்க்கரை கொஞ்சம் கரைந்து போயிருக்கும். நிறம் பொன்மஞ்சளை எட்டியதும் எடுத்துவிடுங்கள்.